லார்ட் ஹாரிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரிக்கெட்டைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் லார்ட் ஹாரிஸ் பெயர் எப்படியோ வந்துவிடுகிறது. வந்தவுடன் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அவர் இந்தியக் கிரிக்கெட்டின் தந்தை. மறு கட்சிக்கு அவர் நம்மை மைதானத்துக்கு வெளியே நிறுத்திய வெள்ளைக்கார துரை. இரண்டு பேரும் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் சார் இந்த லார்ட் ஹாரிஸ்? சுருக்கமா சொல்லுங்களேன்.

ஜார்ஜ் ராபர்ட் கேனிங் ஹாரிஸ் என்பது முழுப்பெயர். 1851 பிப்ரவரி 3 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள டிரினிடாடில் பிறந்தார். அப்பா அங்கே ஆளுநர். குழந்தைக்கு இரண்டு மூன்று வயதிருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு என்று பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் போகும் வழியிலேயே இவரும் போனார். 1872-ல் அப்பா இறந்தபோது, 21 வயதில், நான்காவது பாரன் ஹாரிஸ் ஆனார்.

அதற்குப் பிறகு கென்ட் மாவட்ட அணிக்கும் இங்கிலாந்துக்கும் கேப்டன், லண்டனில் துணை அமைச்சர், 1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநர், தென்னாப்பிரிக்கப் போரில் குதிரைப்படை அதிகாரி, கடைசியில் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் சங்கமான எம்.சி.சி.யில் பல பத்தாண்டுகள் செல்வாக்கான நிர்வாகி. 1932 மார்ச் 24 அன்று, 81 வயதில், கென்டில் தன் பெல்மான்ட் மாளிகையில் இறந்தார்.

லார்ட்ஸ் மைதானம் இவர் பேர்ல வந்ததுதானே?

இல்லை. அது தாமஸ் லார்ட் என்பவர் அமைத்த மைதானம். லார்ட் என்பது அவருடைய குடும்பப் பெயர். இப்போதுள்ள இடத்துக்கு அது வந்தது 1814-ல், அதாவது ஹாரிஸ் பிறப்பதற்கு 37 ஆண்டுகள் முன்பே. ஹாரிஸ் நினைவாக அந்த வளாகத்துக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹாரிஸின் பெயருக்கு முன்னால் வரும் லார்ட் பிரபுப் பட்டம். அந்தக் காலத்தில் அந்தப் பட்டத்தோடு பிரபுக்கள் சபையில் ஓர் இடமும் வந்தது. தேர்தலில் நிற்க வேண்டியதில்லை, ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. அவருடைய அரசியல் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் முக்கியம்.

சென்னையில ஹாரிஸ் ரோடு, ஹாரிஸ் பாலம்னு சொல்வாங்களே, அது இவரா?

இவருடைய அப்பா. மூன்றாவது லார்ட் ஹாரிஸ் டிரினிடாடிலிருந்து மாற்றலாகி 1854 முதல் 1859 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். 1856-ல் ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்து வைத்தவர் அவர்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். கூவத்தின் மேல் உள்ள ஹாரிஸ் பாலமும், புதுப்பேட்டையில் இன்றைக்கு ஆதித்தனார் சாலை என்று பெயர் மாறிய பழைய ஹாரிஸ் ரோடும் அந்தக் குடும்பப் பெயரைச் சுமந்தவை. நம் கிரிக்கெட்காரருக்கு அப்போது சின்ன வயது.

திப்பு சுல்தானை எதிர்த்துப் படையெடுத்த ஜெனரல் ஹாரிஸ்?

அவர் கொள்ளுத்தாத்தா. சென்னைப் படையின் தலைமைத் தளபதி. 1799-ல் வேலூரிலிருந்து கிளம்பிப் போய் மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர். கோட்டை விழுந்தபின் கொள்ளையில் தளபதிக்குச் சேர்ந்த பங்கு பெரிய பணம். 1801-ல் அவர் பெல்மான்ட் மாளிகையை வாங்கியது அந்தப் பணத்தில்தான். 1815-ல் கிடைத்த பட்டத்தின் முழுப் பெயரிலேயே ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும் இருக்கின்றன.

ஆக, நம் ஹாரிஸ் வளர்ந்த வீடு, பட்டம், வசதி எல்லாவற்றுக்கும் வேர் காவிரிக் கரையில் இருக்கிறது. அவர் பம்பாய்க்கு ஆளுநராக வந்தபோது முன்பின் தெரியாத நாட்டுக்கு வரவில்லை. குடும்பம் மூன்று தலைமுறைக்கு மேலாக உறவு வைத்திருந்த நாட்டுக்கு வந்தார். எந்த மாதிரி உறவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிஜமாவே நல்லா ஆடுவாரா, இல்ல பிரபுங்கிறதால கேப்டன் ஆக்கிட்டாங்களா?

இரண்டும் உண்மை. முதல் தர ஆட்டங்கள் 224, ரன்கள் 9,990, சராசரி 26.85, சதங்கள் 11, அதிகபட்சம் 176. இன்றைய கண்ணுக்கு 26 என்பது சுமாராகத் தெரியும். அந்தக் காலத்து ஆடுகளங்கள் கரடுமுரடானவை. மழை பெய்தால் மூடி வைக்கும் வழக்கமும் கிடையாது. அந்தக் கணக்கில் அவர் நல்ல மட்டையாளர்தான்.

ஆனால் அவரைவிட நன்றாக ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதே அணியில் இருந்தாலும், கேப்டன் பதவி அவருக்குப் போயிருக்காது. சம்பளம் வாங்காமல் ஆடுபவர் கனவான். வாங்கி ஆடுபவர் வேலைக்காரர். இருவருக்கும் உடை மாற்றும் அறை தனி, மைதானத்துக்கு வரும் வாசல்கூடத் தனி. இந்தப் பிரிவை ஹாரிஸ் கேள்வி கேட்டவர் இல்லை.

கென்ட் அணியைப் பொறுத்தவரை அவருக்குத் தரவேண்டிய பாராட்டைத் தந்தே ஆக வேண்டும். 1875 முதல் 1889 வரை கேப்டன். நொடிந்து கிடந்த அணியைக் கட்டி எழுப்பினார். 1884-ல் வந்த ஆஸ்திரேலிய அணியைத் தோற்கடித்த ஒரே மாவட்ட அணி கென்ட்தான்.

சிட்னியில அடி வாங்கினாராமே?

வாங்கினார். நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் கதை இது. 1878-79 கோடையில் அவர் ஓர் அணியை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார். பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்கள், தொழில்முறை ஆட்டக்காரர் இருவர் மட்டும். 1879 ஜனவரியில் மெல்போர்னில் டெஸ்ட். ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்பாஃபோர்த் தொடர்ந்து மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். டெஸ்ட் வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அது. இங்கிலாந்து பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

அப்புறம் பிப்ரவரி 8, சிட்னி, நியூ சவுத் வேல்ஸ் அணியோடு ஆட்டம். உள்ளூர் அணி ஃபாலோ ஆன் ஆடுகிறது, அதாவது முதல் இன்னிங்ஸில் ரொம்பப் பின்தங்கியதால் உடனே மறுபடி மட்டை பிடிக்கிறது. அவர்களின் நட்சத்திரம் பில்லி முர்டாக் ரன் அவுட் என்று நடுவர் ஜார்ஜ் கோல்தார்ட் கையை உயர்த்தினார். கோல்தார்ட் விக்டோரியாக்காரர். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் ஏற்கெனவே ஆகாது. போதாக்குறைக்கு அவரை நடுவராக அழைத்து வந்தவர் ஹாரிஸ். மைதானத்தில் பந்தயப் பணம் வேறு புழங்கியது. கூட்டம் வேலி தாண்டி உள்ளே பாய்ந்தது. நடுவரைக் காப்பாற்ற முன்னால் போன ஹாரிஸ் மீது ஒருவன் தடியால் அடித்தான். அணித்தோழர் ஹார்ன்பி அந்த ஆளைப் பிடித்து பெவிலியனுக்கு இழுத்துப் போனார். நடுவரை மாற்று என்று உள்ளூர் கேப்டன் டேவ் கிரிகரி கேட்டார். ஹாரிஸ் முடியாது என்றார். ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்று மைதானத்தை விட்டு நகராமல் நின்றார். அன்றைக்கு ஆட்டம் மறுபடி தொடங்கவே இல்லை. திங்கள்கிழமை, மழையில் கெட்டுப்போன ஆடுகளத்தில், உள்ளூர் அணி 49 ரன்னில் சுருண்டது.

அந்த ஆட்டத்தின் இன்னொரு நடுவர் எட்மண்ட் பார்ட்டன் என்ற இளைஞர். 1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்தபோது முதல் பிரதமர் அவர்தான்.

அவ்வளவு கோபம்னா, மறுவருஷமே ஆஸ்திரேலியாவோட எப்படி ஆடினார்?

ஊர் திரும்பியும் அந்தக் கோபம் ஆறவில்லைதான். 1880-ல் முர்டாக் தலைமையில் ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்து வந்தபோது பெரிய அணிகள் முகம் கொடுக்கவில்லை. சின்னச் சின்ன ஊர்களில் ஆடித் திரிந்தார்கள். சர்ரே சங்கச் செயலாளர் சார்லஸ் ஆல்காக் இடையில் புகுந்து சமாதானம் பேசினார். ஹாரிஸ் மனம் இறங்கி, அணி திரட்ட ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 6 அன்று ஓவல் மைதானத்தில் தொடங்கிய அந்த ஆட்டம்தான் இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ட்.

டபிள்யூ. ஜி. கிரேஸ் 152, ஹாரிஸ் 52, எதிரணியில் முர்டாக் ஆட்டமிழக்காமல் 153. இங்கிலாந்து ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. சிட்னியில் யாருடைய அவுட்டால் கலவரம் வெடித்ததோ, அதே முர்டாக் எதிரணிக் கேப்டன். தடியடி வாங்கியவர் ஒன்றரை வருடத்தில் அவரோடு மைதானத்தில் இறங்கினார். ஹாரிஸிடம் எனக்கு மிகவும் பிடித்த செயல் இதுதான்.

பதினொரு பேரும் பந்து போட்ட டெஸ்ட்டுக்கு இவர்தான் கேப்டனா?

ஆமாம், 1884, மறுபடி ஓவல். ஆஸ்திரேலியா 551 அடித்தது. முர்டாக் 211; டெஸ்ட்டின் முதல் இரட்டைச் சதம். யார் போட்டும் விக்கெட் விழாததால் ஹாரிஸ் பதினொரு பேருக்கும் பந்தைக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் விக்கெட் கீப்பர் ஆல்ஃபிரெட் லிட்டில்டன் கையைக் கீழே வைத்து வீசும் பழைய பாணிப் பந்தில் 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். ஆட்டம் சமன். அதற்கு முந்தைய மாதம் லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்ட்டிலும் இவர்தான் கேப்டன், அதில் வெற்றி. மொத்தம் நான்கு டெஸ்ட், நான்கிலும் தலைமை: இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன்.

அஷ்வின் பண்ணின மாதிரி இவரும் ரன் அவுட் பண்ணினாராமே? அப்புறம் என்ன பெரிய நேர்மை?

2019 ஐ.பி.எல்.லில் அஷ்வின் ஜோஸ் பட்லரை எதிர்முனையில் ரன் அவுட் செய்தபோது நாடே இரண்டாகப் பிரிந்தது. 1870-ல் லார்ட்ஸில் ஈட்டன், ஹாரோ பள்ளிகளின் ஆட்டத்தில் 19 வயது ஹாரிஸ் செய்ததும் அதேதான். பந்து போடுவதற்கு முன்பே கோட்டை விட்டு நகர்ந்தவரை அவுட்டாக்கினார். அன்றைக்கும் பெரிய கூச்சல்.

இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் மனதில் விதி என்று ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும் விதி. 1880-களில் பந்தை முழங்கை மடக்கி எறிகிறார்கள் என்று லங்காஷயர் பந்துவீச்சாளர்கள் மீது சந்தேகம் எழுந்தது. மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஹாரிஸ், கென்ட் அணி லங்காஷயரோடு ஆடாது என்றே 1885-ல் ஆட்டத்தை ரத்து செய்ய வைத்தார். எறிபந்து அந்தத் தலைமுறையில் ஒழிந்ததற்கு அவருடைய பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம். விதியை எழுதும் அறைக்குள் யாருக்கு இடம் என்ற கேள்விதான் அவருக்கு எழவே இல்லை.

போர்வீரர்னு போடறாங்க. நிஜமா சண்டைக்குப் போனாரா?

போனார், ஆனால் வாள் சுழற்றிய கதை கிடையாது. நிலக்கிழார்களும் அவர்களின் குத்தகைக்காரர்களும் சேர்ந்து ஊர்ப்புறத்தில் நடத்திய தன்னார்வக் குதிரைப்படையில் அவர் அதிகாரி. கிழக்கு கென்ட் படைப்பிரிவு. போயர் போர் வந்தபோது, வயது ஐம்பதை நெருங்கியிருந்தும், 1900-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே இம்பீரியல் குதிரைப்படையில் நிர்வாகப் பொறுப்பு: ஆள் கணக்கு, அனுப்புவது, ஒழுங்கு. கொள்ளுத்தாத்தா கோட்டையைப் பிடித்தார்; இவருக்குக் கோப்பு.

அரசியல்ல என்ன சாதிச்சார்?

சாதனை என்று எடுத்துச் சொல்ல அதிகமில்லை. கன்சர்வேட்டிவ் கட்சி, அன்றைய பிரதமர் சாலிஸ்பரி பிரபுவின் ஆள். 1885-ல் சில மாதங்கள் இந்தியத் துறைத் துணை அமைச்சர், 1886 முதல் போர்த் துறைத் துணை அமைச்சர். 1890-ல் பம்பாய் ஆளுநர். திரும்பிப் போனபின் 1900 வரை அரசவையில் ஒரு கௌரவப் பதவி.

பம்பாய்ல ஆளுநரா எப்படி இருந்தார்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். வெயிலுக்கு மகாபலேஷ்வர், மழைக்குப் பூனா என்று ஆளுநர்கள் இருப்பது அந்த மாகாணத்தின் வழக்கம். ஹாரிஸ் அந்த வழக்கத்தை முழுதாக அனுபவித்தார். பூனாவில் கணேஷ்கிண்ட் மாளிகை, கிரிக்கெட், விருந்து. 1893 ஆகஸ்டில் பம்பாயில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்துத் தெருக்களில் பிணம் விழுந்தபோதும் அவர் பூனாவில் இருந்தார். ஒன்பதாவது நாள்தான் பம்பாய் திரும்பினார். அதுவும் முக்கியமாக ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்காக என்று அன்றே விமர்சனம் எழுந்தது. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று மைதானத் தகராறு. கோட்டைக்கு வெளியே இருந்த பெரிய திடலில் பார்சி, இந்து, முஸ்லிம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதே திடலில் ஐரோப்பியர்கள் போலோ ஆடுவார்கள். குதிரைக் குளம்பு பட்ட தரையில் பந்து எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது. போலோவை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று உள்ளூர் ஆட்டக்காரர்கள் வருடக்கணக்கில் மனுப் போட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 1890-ல் ஹாரிஸ் மேசைக்கு வந்தது. நிராகரித்தார். ஆடுகளம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதன் அருமை அவருக்குத் தெரியாததா? அதனால்தான் எனக்கு இது கலவரச் செய்திக்கு அடுத்தபடியாக வலிக்கிறது.

அப்போ இந்தியக் கிரிக்கெட்டின் தந்தைன்னு சொல்றது?

ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்சிகள் ஓரியன்டல் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியது 1848-ல். ஹாரிஸ் அப்போது பிறக்கவில்லை. 1886-லும் 1888-லும் சொந்தச் செலவில் கப்பலேறி இங்கிலாந்தில் ஆடிவிட்டு வந்தார்கள். இரண்டாவது பயணத்தில் டாக்டர் மெஹெல்லாஷா பாவ்ரி மட்டும் 170 விக்கெட். 1890 ஜனவரியில் வெர்னன் என்பவர் கூட்டி வந்த இங்கிலாந்து அணியைப் பம்பாயில் நான்கு விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். ஹாரிஸ் பதவியேற்றது அதே வருடம், அதற்குப் பிறகுதான். பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த வீட்டுக்குப் பிற்பாடு வந்தவரை எப்படித் தந்தை என்பது?

அவர் செய்ததைச் செய்ததாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர், பார்சி அணிகளின் ஆண்டு ஆட்டம் 1892-ல் அவர் காலத்தில் தொடங்கியது. அதுதான் 1907-ல் முத்தரப்பாகி, 1912-ல் நால்தரப்பாகி, பின்னால் ஐந்தணிப் போட்டியாக வளர்ந்தது. சென்னையில் 1915 முதல் சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி நடந்த ஐரோப்பியர், இந்தியர் ஆட்டமும் இதே மாதிரிதான். கடற்கரையோரம் முஸ்லிம் ஜிம்கானா என்ற விளையாட்டுக் கிளப்புக்கு 1892-ல் நிலம் கொடுத்தார், மனமில்லாமல். ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி நிலம், தனி அணி என்ற ஏற்பாடு ஆட்டத்தைப் பரப்பியது. கூடவே ஆடுபவர்களை மதவாரியாகப் பிரித்தும் வைத்தது. 1940-களில் காந்தி அந்தப் போட்டியை எதிர்த்ததும் இதனால்தான்.

டெண்டுல்கர், காம்ப்ளி 664 அடிச்சாங்களே, அந்த ஹாரிஸ் ஷீல்டு?

இவர் பெயரில் உள்ளதுதான். மும்பைப் பள்ளிகளுக்கான போட்டி, அவர் ஆளுநராக இருந்த காலத்தில் பிறந்தது. 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் அந்த இரண்டு பையன்களும் பிரியாமல் 664 சேர்த்தார்கள். முன்பு சொன்ன தகராறு நடந்த பெருந்திடலில் இன்றைக்கு மிச்சமிருக்கும் துண்டுகளில் ஒன்று ஆசாத் மைதானம்.

ரஞ்சியை இங்கிலாந்துக்கு ஆடவிடாம தடுத்தது இவர்தானா?

அப்போதெல்லாம் எந்த மைதானத்தில் டெஸ்ட்டோ அந்தச் சங்கமே அணியைத் தேர்ந்தெடுக்கும். 1896 லார்ட்ஸ் டெஸ்ட்டுக்கு எம்.சி.சி., இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் ஆடிய ரஞ்சித்சிங்ஜியை எடுக்கவில்லை. மான்செஸ்டர் டெஸ்ட்டுக்கு லங்காஷயர் சங்கம் எடுத்தது. 62, அப்புறம் ஆட்டமிழக்காமல் 154. எம்.சி.சி. முடிவின் பின்னால் ஹாரிஸ் இருந்தார் என்று எழுதுபவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு.

பிறந்த மண் விஷயத்தில் அவர் கறார் என்பதற்கு வேறு நல்ல சான்று இருக்கிறது. டோவரில் பிறந்த வாலி ஹாமண்ட், பிற்பாடு பெரும் புகழ் பெற்றவர், குளோஸ்டர்ஷயருக்கு ஆடத் தொடங்கினார். டோவர் கென்டில் இருக்கிறது. குடியிருப்புத் தகுதி போதாது என்று, ஹாரிஸ் முன்னிற்க, கென்ட் தரப்பு ஆட்சேபித்தது. 1922-ல் மீதி ஆட்டங்களை அந்தப் பையன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதாயிற்று. ஹாமண்டின் அப்பா ராணுவத்தில் இருந்தவர், முதல் உலகப் போரில் இறந்தவர். டோவரில் பிறந்தது அவர் அங்கே பணியில் இருந்ததால்தான். டிரினிடாடில் பிறந்து கென்டுக்கு ஆடியவருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவோட முதல் டெஸ்ட்டை அவர் பார்த்தாரா?

பார்க்கவில்லை. 1926-ல் அவர் தலைமையில் கூடிய இம்பீரியல் கிரிக்கெட் மாநாட்டில்தான் இந்தியா, நியூசிலாந்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு டெஸ்ட் ஆட வாசல் திறந்தது. சி. கே. நாயுடு தலைமையில் இந்தியா லார்ட்ஸில் இறங்கியது 1932 ஜூன் 25 அன்று. ஹாரிஸ் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஆனால் இந்திய அணி ஒன்றை எதிர்த்து அவர் ஆடியிருக்கிறார். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. கேட்ஃபோர்டில் கென்டோடு ஆட்டம். 60 வயதில் ஹாரிஸ் மட்டையோடு வந்தார். அவருடைய கடைசி முதல் தர ஆட்டம் அது. அந்தச் சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பல்வங்கர் பாலு, தோல் வேலை செய்யும் தலித் சமூகத்தவர். 1890-களின் தொடக்கத்தில், ஆளுநர் ஹாரிஸ் கணேஷ்கிண்டில் இருந்தபோது, அதே பூனாவில் ஐரோப்பியர்களின் கிளப்பில் பாலு மாதம் நான்கு ரூபாய் சம்பளத்துக்குத் தரையை உருட்டி, வலை கட்டி, துரைமார் பயிற்சிக்கு மணிக்கணக்கில் பந்து வீசிக்கொண்டிருந்தார். மட்டை பிடிக்க அவருக்கு அங்கே ஒருநாளும் வாய்ப்புத் தரவில்லை.